பட்டியலும் பண்டமும்

நார்ட்டன் கமாண்டர் பற்றி எழும் வினாக்கள் – ஒரு மதிப்பாய்வு

ஒரு கருவியின் தரத்தை அறிய இரண்டு வழிகள் உண்டு. அதை ஆக்கியவர் தந்த விளக்க நூலைப் படிப்பது ஒரு வழி. அதைப் பயன்படுத்துவோர் திரும்பத் திரும்ப என்ன கேட்கிறார்கள் என்று கவனிப்பது மற்றொரு வழி. கருவி என்ன செய்யும் என்பதை விளக்க நூல் சொல்லும். கருவி எதைச் சொல்லாமல் விட்டது என்பதை வினாக்கள் காட்டிக்கொடுத்துவிடும். திறனாய்வு செய்ய விரும்புவோருக்கு இரண்டாவது வழியே அதிகம் பயன்படும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, டாஸ் இயக்க முறைமையில் கோப்புகளைக் கையாள எழுதப்பட்ட நார்ட்டன் கமாண்டர் என்னும் புரோகிராம். டாஸின் காலம் முடிந்துவிட்டதே, இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் பென் டிரைவிலும், கேமராவில் செருகும் நினைவு அட்டையிலும், டாஸ் வகுத்த கோப்பு முறையின் வழித்தோன்றல்களே இன்றும் வழங்குகின்றன. ஆகையால் அன்று டாஸ்காரர்கள் கேட்ட வினாக்களில் பல இன்றும் உயிரோடு இருக்கின்றன. விடை தெரியாதவர்கள் அன்று இழந்தது போலவே இன்றும் தங்கள் உழைப்பை இழக்கிறார்கள்.

தோற்றமும் சிறப்பும்

ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிக் கணிப்பொறி 1981-இல் வெளிவந்தபோது, ஒரு நெகிழ்வட்டில் இருந்த கோப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விசைப்பலகையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து அவற்றைக் கையாள்வது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. 1983-இல் 10 மெகாபைட் வன்வட்டுடன் எக்ஸ்.டி. கணிப்பொறி வந்தது. அதே ஆண்டில் வந்த டாஸ் 2.0 பதிப்பு, கோப்புகளை அடைவுகளாகவும், அடைவுகளுக்குள் வேறு அடைவுகளாகவும் பிரித்து வைக்கும் வசதியைத் தந்தது. இப்போது நூற்றுக்கணக்கான கோப்புகள். அவை எங்கே இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கட்டளை இட வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினால் கோப்பு இல்லை என்று கணிப்பொறி கையை விரித்துவிடும்.

இந்தச் சூழ்நிலையில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த ஜான் சோகா 1984-இல் ஒரு புரோகிராமை எழுதத் தொடங்கினார். பீட்டர் நார்ட்டன் நிறுவனம் அதை 1986-இல் நார்ட்டன் கமாண்டர் என்ற பெயரில் வெளியிட்டது. 1990-இல் சிமாண்டெக் நிறுவனம் பீட்டர் நார்ட்டன் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. அதன் பின்னரும் புதிய பதிப்புகள் வந்தன. ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலும் இப்புரோகிராம் பெற்ற செல்வாக்கு மிகப் பெரிது.

அதன் அமைப்பு எளிது. நீலத் திரை இரு பாதிகளாகப் பிரிந்து நிற்கிறது. இடப்பாதியில் ஓர் அடைவின் பட்டியல். வலப்பாதியில் வேறோர் அடைவின் பட்டியல். டேப் விசையை அழுத்தினால் ஒரு பட்டியலிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். நகலெடுக்க எஃப்-5, பெயர் மாற்றவோ இடம் மாற்றவோ எஃப்-6, புதிய அடைவு அமைக்க எஃப்-7, அழிக்க எஃப்-8, வெளியேற எஃப்-10. எங்கிருந்து, எங்கே என்று தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஒரு பட்டியல் 'எங்கிருந்து' என்பதைச் சொல்கிறது. மற்றது 'எங்கே' என்பதைச் சொல்கிறது. கருத்து இவ்வளவுதான். ஆனால் இந்தக் கருத்து நிலைத்துவிட்டது. 1993-இல் விண்டோசுக்கு வந்து இன்று டோட்டல் கமாண்டர் எனப்படும் புரோகிராமும், 1994-இல் யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளுக்கு வந்த மிட்நைட் கமாண்டரும், 1996-இல் வந்த ஃபார் மேனேஜரும் இதே இரு பட்டியல் முறையைப் பின்பற்றியவையே.

விசைகளைப் பற்றிய வினாக்கள்

பயன்படுத்துவோர் கேட்கும் வினாக்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை விசைகளைப் பற்றியது. "பட்டியல்கள் திடீரென்று மறைந்துவிட்டனவே?" என்பது இதில் முதன்மையானது. கண்ட்ரோல் விசையுடன் ஓ-வை அழுத்தியிருப்பார்கள். மீண்டும் அழுத்தினால் பட்டியல்கள் வந்துவிடும். "வேறு வட்டுக்கு மாறுவது எப்படி?" இடப்பட்டியலுக்கு ஆல்ட் எஃப்-1, வலப்பட்டியலுக்கு ஆல்ட் எஃப்-2. "பல கோப்புகளை ஒரே நேரத்தில் எடுப்பது எப்படி?" இன்சர்ட் விசையால் ஒவ்வொன்றாகக் குறிக்கலாம், விசைப்பலகையின் வலப்புறத்தில் உள்ள கூட்டல் விசையை அழுத்தி, பெயரின் பொது வடிவத்தைக் கொடுத்து ஒரு கூட்டத்தையே குறிக்கலாம்.

"கமாண்டருக்குள் இருந்து பெரிய புரோகிராமை இயக்கினால் நினைவகம் போதவில்லை என்கிறதே?" என்ற வினாவையும் இவ்வகையில் சேர்க்கலாம். டாஸ் புரோகிராம்களுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் 640 கிலோபைட்டில், கமாண்டரின் ஒரு சிறு பகுதி தங்கியிருக்கும். எஃப்-10 அழுத்தி வெளியேறிவிட்டு அப்புரோகிராமை இயக்கினால் அந்த இடமும் கிடைத்துவிடும்.

இவையெல்லாம் ஒரு முறை கேட்டால் மறக்காத வினாக்கள். விசைகளின் வேலையைத் திரையின் கீழ்வரியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த வகையில் கமாண்டரைக் குறை கூற இடமில்லை. இரண்டாம் வகை வினாக்கள்தாம் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. அவற்றைப் பார்க்கும் முன் வட்டின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

கிடங்கும் பேரேடும்

ஒரு பெரிய கிடங்கைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஒரே அளவுள்ள அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். வாசலில் கணக்கர் இரண்டு புத்தகங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் புத்தகம் பேரேடு. அதில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரி: சரக்கின் பெயர், வந்த நாள், அளவு, அது தொடங்கும் அறையின் எண். இரண்டாம் புத்தகம் அறை அட்டவணை. ஒரு சரக்கு ஓர் அறையில் அடங்காவிட்டால் அதன் மிச்சம் எந்த அறையில் தொடர்கிறது என்பதை இது சொல்லும். காலியான அறைக்கு நேரே சுழி எழுதியிருக்கும்.

டாஸ் வட்டும் இப்படித்தான் இருக்கிறது. அறைக்குக் கொத்து என்று பெயரிடுவோம். பேரேட்டுக்கு அடைவு என்றும், அறை அட்டவணைக்கு ஒதுக்கீட்டு அட்டவணை என்றும் பெயர். அடைவில் ஒவ்வொரு வரியும் 32 பைட் நீளம். எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்துப் பின்னொட்டு, கோப்பின் தன்மை, நேரம், நாள், தொடக்கக் கொத்தின் எண், நீளம் ஆகியவை அதில் அடங்கும்.

கமாண்டர் திரையில் காட்டுவது இந்தப் பேரேட்டு வரிகளையே. சரக்கை அது காட்டுவதில்லை. ஆனால் அது மிக அழகாக, மிக விரைவாகக் காட்டுவதால், பார்ப்பவர் பேரேட்டு வரியையே சரக்கு என்று எண்ணிவிடுகிறார். இரண்டாம் வகை வினாக்கள் யாவும் இந்த ஒரு மயக்கத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வினா ஒன்று: கணக்கு ஏன் இடிக்கிறது?

"நூறு கோப்புகளைக் குறித்தேன். மொத்தம் 30,000 பைட் என்று பட்டியலின் அடியில் காட்டியது. நகலெடுத்த பிறகு வன்வட்டில் 30 லட்சம் பைட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. மீதி எங்கே போயிற்று?"

ஓர் அறையில் ஒரே ஒரு சரக்குதான் வைக்கலாம் என்பது கிடங்கின் சட்டம். ஒரு படி நெல்லாக இருந்தாலும் முழு அறையையும் கொடுத்துவிட வேண்டும். அறையின் அளவோ வட்டுக்கு வட்டு மாறுகிறது. 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் ஒரு கொத்து 512 பைட். அதற்கும் முந்தைய 360 கிலோபைட் நெகிழ்வட்டில் 1,024 பைட். 16 பிட் அட்டவணை கொண்ட வன்வட்டில் கொத்து எண்கள் 65,536-க்கு மேல் போக முடியாது. ஆகவே வட்டு பெருக்கப் பெருக்கக் கொத்தையும் பெரிதாக்கத்தான் வேண்டும். 2 கிகாபைட் பகுதியில் ஒரு கொத்து 32,768 பைட் ஆகிவிடுகிறது. 65,536-ஐ 32,768-ஆல் பெருக்கிப் பாருங்கள். 2 கிகாபைட் என்ற அந்த எல்லை எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்துவிடும்.

இப்போது கணக்கைப் போடுவோம். கோப்பு ஒன்றுக்கு 300 பைட் வீதம் நூறு கோப்புகள். நெகிழ்வட்டில் இவை பிடிக்கும் இடம் 51,200 பைட். கொத்து 2,048 பைட்டாக உள்ள சிறிய வன்வட்டில் 2,04,800 பைட். 2 கிகாபைட் பகுதியில் 32,76,800 பைட். பட்டியலில் உள்ள எண் மட்டும் மூன்றிலும் 30,000-தான்.

பட்டியல் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறது. நகலெடுக்கப் போகிறவருக்குக் கோப்புகளின் நீளம் தேவையில்லை. மறுபக்கத்து வட்டில் அவை எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதே தேவை. மறுபக்கத்து வட்டு எது என்பது கமாண்டருக்குத் தெரியும். அதன் கொத்து அளவை டாஸிடம் கேட்டால் உடனே சொல்லிவிடும். மிச்சம் ஒரு வகுத்தலும் ஒரு கூட்டலும்தான். இரு பட்டியல்களை அருகருகே வைத்த பெருமை உடைய ஒரு புரோகிராம், அவற்றுக்கிடையே செய்ய வேண்டிய இந்தச் சிறு கணக்கைப் பயன்படுத்துவோர் தலையில் சுமத்தியது நியாயமாகப் படவில்லை.

வினா இரண்டு: இடம் இருந்தும் ஏன் ஏற்க மறுக்கிறது?

"நெகிழ்வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. ஆயினும் புதிய கோப்பை ஏற்க மறுக்கிறதே, வட்டு கெட்டுவிட்டதா?"

வட்டு கெடவில்லை, பேரேடு நிரம்பிவிட்டது. மூல அடைவு என்னும் முதல் பேரேட்டுக்கு, வட்டை வடிவமைக்கும்போதே பக்கங்கள் எண்ணி ஒதுக்கப்படுகின்றன. 360 கிலோபைட் நெகிழ்வட்டில் 112 வரிகள். 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் 224 வரிகள். வன்வட்டில் பொதுவாக 512 வரிகள். நம் 300 பைட் கோப்புகளை 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால், 225-ஆவது கோப்புக்கு இடம் கிடைக்காது. அப்போது கோப்புகள் பிடித்துள்ள இடம் 1,14,688 பைட் மட்டுமே. வட்டின் கொள்ளளவோ 14,57,664 பைட். அதாவது பன்னிரண்டு பங்குக்கு ஒரு பங்குகூட நிரம்பவில்லை!

தீர்வு எளிது. எஃப்-7 அழுத்தி ஓர் அடைவு அமைத்து, கோப்புகளை அதற்குள் வைக்க வேண்டும். உள் அடைவு என்பது கிடங்கின் அறைகளில் வைக்கப்படும் பேரேடு. தேவைப்படும்போது மேலும் ஓர் அறையை எடுத்துக்கொண்டு அது வளரும். விடை இவ்வளவு எளிதாக இருந்தும், இது தெரியாமல் நல்ல வட்டை மறுபடி வடிவமைத்து, அதில் இருந்ததையெல்லாம் இழக்க நேரிடும் என்பதுதான் இவ்வினாவின் கொடுமை.

வினா மூன்று: சில வேளைகளில் நொடியில், சில வேளைகளில் நெடுநேரம், ஏன்?

"எஃப்-6 விசையால் பெரிய கோப்பை ஓர் அடைவிலிருந்து மற்றோர் அடைவுக்கு மாற்றினால் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. அதே கோப்பை நெகிழ்வட்டுக்கு மாற்றினால் நிமிடக் கணக்கில் ஓடுகிறது. ஒரே வேலைதானே?"

ஒரே வேலை அன்று. ஒரே வட்டுக்குள் இடம் மாற்றும்போது சரக்கு அசைவதே இல்லை. ஒரு பேரேட்டிலிருந்த வரியை எடுத்து வேறொரு பேரேட்டில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். வேறு வட்டுக்கு மாற்றும்போது முழுச் சரக்கையும் நகலெடுத்து, பிறகு மூலத்தை அழிக்க வேண்டும். டாஸில் இதற்கெனத் தனிக் கட்டளை 1993-இல் வந்த 6.0 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன்பே இந்த வசதியை ஒரே விசையில் தந்த பெருமை கமாண்டருக்கு உண்டு.

ஆனால் அந்த 'ஒரே விசை' இரண்டு வேறு செயல்களை ஒரே பெயரில் மறைத்தது. பெயர் மாற்றம், வரி மாற்றம், சரக்கு மாற்றம் மூன்றும் எஃப்-6-தான். நடுவில் மின்சாரம் போய்விட்டால் இவற்றின் விளைவுகள் வெவ்வேறு. வேறு வட்டுக்கு மாற்றும் வேளையில் மின்சாரம் நின்றால், மறுபக்கத்தில் அரைகுறைக் கோப்பு நிற்கும். அல்லது அறைகள் எடுக்கப்பட்டும் பேரேட்டில் வரி முழுமையாகாமல், யாருக்கும் சொந்தமற்ற கொத்துகள் கிடக்கும். விலை மதிப்புள்ள கோப்பை வேறு வட்டுக்கு மாற்றும்போது எஃப்-6 வேண்டாம். எஃப்-5 கொண்டு நகலெடுத்து, நகலைத் திறந்து பார்த்து, அதன்பின் மூலத்தை அழிப்பதே அறிவுடைமை.

வினா நான்கு: அழித்தது திரும்புமா?

எல்லா வினாக்களிலும் துயரம் மிகுந்தது இதுவே. "தவறுதலாக எஃப்-8 அழுத்திவிட்டேன். கோப்பு போய்விட்டதா?" விண்டோசில் பழகியவர்கள் டாஸுக்கு வரும்போது, "குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது?" என்று இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள். டாஸில் குப்பைத் தொட்டி கிடையாது. ஆனால் விடை அவ்வளவு இருண்டதும் அன்று.

டாஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது சரக்கைத் தொடுவதில்லை. பேரேட்டு வரியில் பெயரின் முதல் எழுத்தை மட்டும் நீக்கி, அங்கே 229 என்ற எண்ணை எழுதுகிறது. அறை அட்டவணையில் அக்கோப்பின் கொத்துகளுக்கு நேரே சுழி போடுகிறது. மற்ற எழுத்துகளும், நீளமும், தொடக்கக் கொத்தின் எண்ணும் அப்படியே நிற்கின்றன. பீட்டர் நார்ட்டன் 1982-இல் வெளியிட்ட நார்ட்டன் யுடிலிட்டீஸ் தொகுப்பு புகழ் பெற்றதே, இந்த உண்மையைப் பயன்படுத்தி அழிந்த கோப்புகளை மீட்டதால்தான். மைக்ரோசாஃப்ட் 1991-இல் டாஸ் 5.0 பதிப்பிலும் மீட்கும் கட்டளையைச் சேர்த்தது. மீட்கும்போது கோப்புப் பெயரின் முதல் எழுத்து என்ன என்று அது நம்மையே கேட்பதன் காரணம் இப்போது விளங்கும்.

கோப்பின் கொத்துகள் அடுத்தடுத்து இருந்தால் மீட்பது எளிது. சிதறி இருந்தால் கடினம். ஏனெனில் எது எதன் தொடர்ச்சி என்ற குறிப்பு அட்டவணையில் அழிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அழித்த பின் அந்த வட்டில் எதையும் எழுதக் கூடாது. காலி என்று குறிக்கப்பட்ட அறையில் புதுச் சரக்கு எந்த நேரத்திலும் வந்து உட்காரலாம்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். எஃப்-8 என்றால் எல்லாரும் அஞ்சுகிறார்கள். எஃப்-5 என்றால் ஒருவரும் அஞ்சுவதில்லை. நகலெடுப்பதில் என்ன ஆபத்து என்று எண்ணுகிறார்கள். ஆனால் மறுபக்கத்தில் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்து, 'மேலெழுதலாம்' என்று நாம் விடை சொல்லிவிட்டால் நடப்பது என்ன? பழைய கோப்பின் கொத்துகள் விடுவிக்கப்படுகின்றன. அதன் பேரேட்டு வரியிலேயே புதிய கோப்பின் தொடக்கக் கொத்தும் நீளமும் எழுதப்படுகின்றன. பழைய சரக்கு எங்கே இருந்தது என்று சொல்லும் வரி அடியோடு போய்விடுகிறது. அழித்த கோப்புக்காவது முதல் எழுத்துப் போன ஒரு வரி மிஞ்சுகிறது; மேலெழுதப்பட்ட கோப்புக்கு அதுவும் இல்லை. எஃப்-8 செய்யும் கெடுதியைக் காட்டிலும் எஃப்-5 செய்யும் கெடுதி பெரிதாக இருக்கலாம்!

கமாண்டர் இரண்டு செயலுக்கும் முன்னால் நம்மைக் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு கேள்விகளும் ஒரே தோரணையில் இருக்கின்றன. எதிலிருந்து மீளலாம், எதிலிருந்து மீள்வது அரிது என்பதை அவை உணர்த்துவதில்லை. நாளுக்கு நூறு முறை 'ஆம்' என்று அழுத்திப் பழகிய விரல், நூற்றொன்றாம் முறையும் யோசிக்காமல் அழுத்திவிடுகிறது.

வினா ஐந்து: எல்லாக் கோப்பும் 1980-இல் பிறந்தவையா?

கமாண்டரின் கட்டளைப் பட்டியலில் இரு அடைவுகளை ஒப்பிடும் வசதி ஒன்று உண்டு. மறுபக்கத்தில் இல்லாத கோப்புகளையும், மறுபக்கத்தில் உள்ளதைவிடப் புதிய கோப்புகளையும் அது குறித்துக் கொடுக்கும். மிகப் பயனுள்ள வசதி. ஆனால், "இன்று எழுதிய கோப்பைப் பழையது என்கிறதே?" என்று சிலர் கேட்டனர். பட்டியலைப் பார்த்தால் அக்கோப்பின் நாள் 1980 ஜனவரி 1 என்று இருக்கும்.

டாஸின் நாட்காட்டி அந்த நாளில்தான் தொடங்குகிறது. மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லாத பழைய கணிப்பொறிகள், இயக்கும்போதெல்லாம் நாளையும் நேரத்தையும் கேட்கும். விடை சொல்லாமல் தட்டிவிட்டால் 1980 என்றே வைத்துக்கொள்ளும். ஒப்பிடும் வசதி நாளை மட்டுமே நம்புகிறது. உள்ளே இருக்கும் எழுத்துகளைப் பார்ப்பதில்லை. ஆகவே நேற்றைய கோப்பைப் புதியது என்றும், இன்றைய உழைப்பைப் பழையது என்றும் தீர்ப்பளிக்கும். அதை நம்பி மேலெழுதியவரின் கதி, நான்காம் வினாவில் நாம் கண்டதுதான். அளவுகோலில் பிழை இருந்தால் அளவிலும் பிழை இருக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நாம் சொல்லும் பாடம் இங்கும் பொருந்துகிறது.

வினா ஆறு: நீண்ட பெயர் எங்கே போயிற்று?

இது 1995-க்குப் பிறகு எழுந்த வினா. அந்த ஆண்டில் வந்த விண்டோஸ் 95 நீண்ட கோப்புப் பெயர்களை அனுமதித்தது. பழைய பேரேட்டு வரியில் எட்டும் மூன்றுமாகப் பதினோர் எழுத்துக்குத்தான் இடம். ஆகவே ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு வரிக்குப் பதின்மூன்று எழுத்து வீதம் கூடுதல் வரிகளில் நீண்ட பெயரை எழுதினார்கள். பழைய புரோகிராம்கள் அவ்வரிகளைக் கண்டுகொள்ளாதபடி, எந்தக் கோப்புக்கும் பொருந்தாத ஒரு தன்மைக் குறியை அவற்றுக்கு இட்டார்கள். உண்மையான வரியில், பெயரின் முதல் ஆறு எழுத்தும் ஓர் அலைக்குறியும் ஓர் எண்ணும் சேர்ந்த குறும்பெயர் இருக்கும்.

கமாண்டரின் பழைய பதிப்புகள் அந்தக் குறும்பெயரை மட்டுமே கண்டன. அவற்றைக் கொண்டு நகலெடுத்தால் குறும்பெயர் மட்டுமே மறுபக்கம் போய்ச் சேரும். நீண்ட பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடும். உள்ளடக்கத்துக்கு ஒரு குறையும் வராது. ஆயினும் ஐம்பது கோப்புகள் அலைக்குறியும் எண்ணுமாக வந்து நின்றால், எது எது என்று யார் சொல்வது?

இரண்டாம் வினாவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. நாற்பது எழுத்துப் பெயருக்கு நான்கு கூடுதல் வரிகள் வேண்டும். உண்மை வரியுடன் சேர்த்து ஐந்து. 224 வரிகள் உள்ள நெகிழ்வட்டின் மூல அடைவில் இத்தகைய கோப்புகள் 44-தான் அடங்கும். பெயர் நீண்டால் பேரேடு சுருங்கும்.

குறையா, வரம்பா?

இனி நம் தீர்ப்புக்கு வருவோம். மேலே கண்ட ஆறு வினாக்களும் கமாண்டரின் குறைகளா, அல்லது டாஸின் வரம்புகளா?

கமாண்டரின் பக்கம் பேசுவோர் கூறுவது இது: கொத்து அளவையும், மூல அடைவின் எல்லையையும், அழிக்கும் முறையையும் வகுத்தது டாஸ். கமாண்டர் அதன்மேல் அமர்ந்து வேலை செய்யும் ஒரு துணைக் கருவி. அந்நாளைய கணிப்பொறிகளின் சிறிய நினைவகத்தில் அடங்கி, விரைவாக இயங்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இருந்தது. எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தால் அது கருவியாக இராது, பாடநூலாகிவிடும்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. கமாண்டர் டாஸை முழுவதும் மறைத்துவிடவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டியல்களுக்குக் கீழே டாஸின் கட்டளை வரி எப்போதும் விழித்திருக்கிறது. கண்ட்ரோல் விசையுடன் என்ட்டர் விசையை அழுத்தினால், பட்டியலில் நாம் நிற்கும் கோப்பின் பெயர் கட்டளை வரிக்கு இறங்கி வந்துவிடும். கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்குக் கதவைத் திறந்தே வைத்த புரோகிராம் இது. பின்னால் வந்த பகட்டான பல புரோகிராம்களுக்கு இந்த நேர்மை இல்லை.

ஆயினும் என் தீர்ப்பு முழு விடுதலை அன்று. நான் கேட்பது விளக்கவுரை அல்ல. செயலுக்கு முன் ஒரு வரிச் செய்தி. நகலெடுக்கும் முன் "மறுவட்டில் இவ்வளவு இடம் வேண்டும்" என்று ஒரு வரி. மூல அடைவு நிரம்பினால் "அடைவு நிரம்பிவிட்டது, உள் அடைவு அமைக்கவும்" என்று ஒரு வரி. மேலெழுதும் முன் "இதிலிருந்து மீள்வது அரிது" என்று ஒரு வரி. இவற்றுக்கு வேண்டிய செய்திகள் எல்லாம் புரோகிராமின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. பயன்படுத்துவோர் செய்த பிழை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே பிழையைப் பலர் பல ஆண்டுகள் செய்தால், அது கருவி சொல்லாமல் விட்ட செய்தியின் அடையாளம்.

இந்த எண்ணம் வீண்போகவில்லை என்பதற்குச் சான்று உண்டு. இன்றைய விண்டோசில் ஒரு கோப்பின் பண்புகளைக் கேட்டால், கோப்பின் அளவு, வட்டில் அது பிடிக்கும் அளவு என்று இரண்டு எண்களைத் தனித்தனியே காட்டுகிறது. நம் முதல் வினாவுக்கு விடை திரையிலேயே வந்துவிட்டது. கமாண்டரின் வழிவந்த விண்டோஸ் புரோகிராம்களிலும், அழித்ததைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பும் வழி உண்டு. ஆனால் பென் டிரைவில் அழித்தால் அது பொதுவாகக் குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. அங்கே நாம் இன்னும் டாஸ் காலத்தில்தான் இருக்கிறோம்! ஆகவே செயல்திட்ட அறிக்கையோ புகைப்படமோ பென் டிரைவிலிருந்து அழிந்துபோனால், பதறி அதில் வேறு எதையும் பதியாமல் உடனே எடுத்துவிடுங்கள். மீட்கும் புரோகிராமை வேறு வட்டிலிருந்து இயக்கி, மீட்டதை வேறு வட்டிலேயே சேமியுங்கள். மேலெழுதப்பட்ட கோப்புக்கு இந்த மருந்தும் பயன்படாமல் போகலாம். அதற்கு ஒரே காப்பு, முன்கூட்டியே வேறோர் இடத்தில் வைத்த நகல்.

நார்ட்டன் கமாண்டரை இன்று நேரில் பார்க்க விரும்புவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 64 பிட் விண்டோசில் டாஸ் புரோகிராம்கள் நேரடியாக இயங்குவதில்லை. டாஸ்பாக்ஸ் போன்ற, டாஸைப் போலச் செய்துகாட்டும் புரோகிராமின் துணை வேண்டும்.

முடிவாக மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனை. முக்கியமான எதுவும் இல்லாத ஒரு பென் டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்பேடில் ஒரே ஓர் ஆங்கில எழுத்தைத் தட்டி, அதில் சேமியுங்கள். பிறகு அக்கோப்பின் பண்புகளைத் திறந்து இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு 1 பைட் என்று இருக்கும். வட்டில் பிடிக்கும் அளவோ பல ஆயிரம் பைட்டாக இருக்கும். எழுத்தின் எண்ணிக்கையைப் பத்து, நூறு, ஆயிரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். முதல் எண் ஏறிக்கொண்டே இருக்க, இரண்டாம் எண் அசையாமல் நின்று, ஓர் இடத்தில் திடீரென்று இரட்டிப்பாகும். அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். உங்கள் கிடங்கில் ஓர் அறையின் அளவு அதுவே.